டீ வராத செவ்வாய்க்கிழமை

உழவர்கரை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பிரேம்குமார் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் தெய்வசிகாமணி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை நலம். என் நலம் வருகிற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில்தான் தெரியும். ஹேமலதாவையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்லவும், மற்ற எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். போனில் பேசினால் அவள் பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் கடிதமாக எழுதி உங்கள் கம்பெனி விலாசத்துக்கே கூரியரில் அனுப்புகிறேன். ஆளை எடுக்கிற, நிறுத்துகிற பிரிவிலேயே இருக்கிறீர்கள். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நம் சீருடைத் தையல் கூடத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தால் "நாளையிலேர்ந்து வராதே" என்பேன். இருபத்திரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒருவரையாவது இப்படி நிறுத்தியிருக்கிறேன். நாலு மணிக்கு முனைக்கடையிலிருந்து டீ வந்ததும் முதல் கிளாஸை நானே அவர் கையில் கொடுப்பேன், அவர் குடித்துவிட்டால் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இஸ்திரி போடுகிற அம்மாவாசை நூறு தடவையாவது போய்த் திரும்பியவர். யாருக்கும் ஒரு காகிதம் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, துணி வெட்டுகிற தாமரைச்செல்வி வந்து நின்றாள். முழுகாம இருக்காளாம், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் தேதி சொல்லிவிட்டார்களாம், சம்பளத்தோட ஆறு மாசம் லீவு வேணுமாம். பள்ளிக்கூடம் திறக்கப்போற நேரம் மாப்பிள்ளை, தலைக்கு ஏறிடுச்சு. வழக்கம்போல வராதேன்னுட்டேன். அவள் அசையவில்லை. "எழுதிக் குடுங்க முதலாளி" என்றாள். எனக்கென்ன எழுதத் தெரியாதா? டெலிவரி சலானைத் திருப்பிப் போட்டு, 'கர்ப்பமாக இருந்துகொண்டு ஆறு மாசம் லீவு கேட்ட காரணத்தால் வேலையை விட்டு நிறுத்தப்படுகிறாள்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் மங்கலாக விழுந்ததே என்று இன்னொரு தடவையும் குத்திக் கொடுத்தேன். அதுவும் நாலு மணிக்குச் சரியாகியிருக்கும். அன்றைக்குப் பார்த்து டீக்கடைக்காரர் மச்சினி கல்யாணத்துக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நாலரை வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு மேஜை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

இருங்க, வாசல்ல பைக் சத்தம்.

அவளோ என்று எழுந்து ஓடினேன், நூல் கொண்டுவந்த ஆள். எங்கே விட்டேன்? தாமரை புகார் எழுதிப் போட்டு, தொழிலாளர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நேற்று முதல் பேச்சு. சுடர்விழி என்று ஒரு ஆபீசர், லாஸ்பேட்டைக்காரங்க, மரியாதையாத்தான் உட்காரச் சொன்னாங்க. பக்கத்துக் கடை விக்ரம் சொல்லிக் கொடுத்தபடி, எங்ககிட்ட ஒன்பது பேர்தான் மேடம், பத்துக்குக் கீழே பிரசவ லீவுச் சட்டம் வராது என்று ஒப்பித்தேன். தாமரை தன் போனை எடுத்து மேடத்துக்கு நீட்டினாள். ஆயுதபூஜைக்கு நானே எல்லாருக்கும் அனுப்பிய போட்டோ. 'எங்கள் குடும்பம், பதினாலு பேர்' என்று கீழே நானே எழுதியிருக்கிறேன். அடுத்து மேடம் அந்தச் சலானைச் சத்தமாகப் படித்தார். "ஐயா, உங்களுக்கு எதிரா இவ்ளோ தெளிவா என்னாலயே எழுத முடியாது" என்றார். பிள்ளை உண்டானதுக்காக ஒருத்தியை நிறுத்தவே கூடாதாம், லீவும் சம்பளமும் கொடுத்தே ஆகணுமாம்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். படியிறங்கும்போது தாமரை சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "ஹேமலதா அக்காவுக்கு பேங்க்ல ஆறு மாசம் லீவு குடுத்தாங்கன்னு நீங்கதான முதலாளி எங்களுக்கெல்லாம் ஜாங்கிரி குடுத்தீங்க. இப்பிடி ஒரு சட்டம் இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்." நேத்திலேர்ந்து சோறு இறங்கல மாப்பிள்ளை. வெட்கமா இருக்கு. உட்கார முடியல, நிக்க முடியல, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டிருக்கேன். அவள் இல்லாமல் நானே கத்தரியை எடுத்ததில் நாற்பது அரை டிராயர் ஒண்ணாங்கிளாஸ் நீளமும் பன்னிரண்டாங்கிளாஸ் இடுப்புமாக வந்து கிடக்கின்றன. துணி போனால் போகட்டும், அந்தப் பெண் திரும்பி வரணும்.

வருகிறேன் என்றுதான் சொல்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் லீவையும், கூடத்தில் எல்லாருடைய வேலையையும் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பி வையுங்கள், அப்படியே பார்த்து எழுதிவிடுகிறேன். இனிமேல் யாரையும் வாயால் நிறுத்த மாட்டேன். கோபம் வந்தால் வாசலில் போய் நின்றுகொள்வேன். அந்தப் பழக்கத்தை இன்று காலையோடு தலைமுழுகிவிட்டேன்.

பேரனுக்கு என் முத்தம். நீங்களும் ஹேமலதாவும் நோய்நொடி இல்லாமல், எதையும் எழுதி வாங்கிக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
தெய்வசிகாமணி

பி.கு.: இதைக் கூரியரில் போடச் சொல்லி அம்மாவாசையிடம் கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு, அப்புறம் போறேன் என்றார். வாயிலிருந்து வந்தே விட்டது மாப்பிள்ளை, நாளையிலேர்ந்து வராதேன்னு. நல்லவேளை, மணி நாலு, டீயும் வந்தது. ஓடிப்போய் முதல் கிளாஸை நீட்டினேன். அவர் அதை வாங்கி மேஜை ஓரமாக வைத்துவிட்டு, சலான் புத்தகத்தைத் திருப்பிப் போட்டு, என்னிடம் பேனாவை நீட்டுகிறார். மெஷினெல்லாம் நின்றுவிட்டது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். கூரியருக்கு நானே போகிறேன். கிடைத்த உடனே போன் பண்ணுங்க, ஹேமலதா பக்கத்துல இருந்தாலும் பரவாயில்லை.