சிவப்புப் பெருக்கல் விழுந்த மாப்பிள்ளை

கம்ப்யூட்டரே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. மூன்று மாதம் படித்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ருவான்வெல்லையில் ஒரு சான்றிதழ் வாங்கிய கையோடு, எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே விஞ்ஞானி நான்தான் என்று திரிந்தேன். (நடைகூட மாறியிருந்ததாம், அக்கா சொல்வாள்.)

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குத் தெரணியகலையிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சிவகுமாருக்குக் கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலை. தரகர் கொடுத்த போட்டோவில் மனிதருக்கு மீசையே முளைத்திருக்கவில்லை.

"இது ஸ்கூல்ல புடிச்ச படம். இப்ப எப்படி இருக்காருன்னு பாக்காம நான் சரி சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா.

"கம்பெனி வெப்சைட்ல இருப்பாரு. நான் கொண்டாறேன்" என்றேன், ஏதோ நிலவிலிருந்து கல் கொண்டுவருகிறவன் மாதிரி.

டவுன் நெட் கடையில் தேடியதில், அவருக்கென்றே ஒரு பக்கம் அகப்பட்டது. படத்தில் மீசை இருந்தது. பக்கத்தை முழுசாகச் சேமித்தேன். ஒரு பைலும், அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் வந்து விழுந்தன. கொண்டுபோயிருந்த பிளாப்பித் தட்டில் ஃபோல்டர் கொள்ளவில்லை. பைல்தான் பக்கம், மற்றது குப்பை என்று தீர்ப்பளித்துவிட்டு பஸ் ஏறினேன்.

தோட்டத்து வாசிகசாலையில் யாரோ அன்பளித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, இன்டர்நெட் கிடையாது. அதன் முன்னால் குடும்பமே கூடியது. அம்மா கோயில் சேலை கட்டி வந்திருந்தார்.

திறந்தேன். மாப்பிள்ளையின் பெயர் இருந்தது, பதவி இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம். மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"என்னடா, பெரிய எழுத்துல பேரப் போட்டு, ஆள வெட்டி விட்டிருக்காங்க?" என்றார் அம்மா.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சான்றிதழ் விடவில்லை. "கம்பெனிக்காரங்க படத்த எடுத்துட்டாங்க போல" என்றேன். (என் சட்டைப்பையிலிருந்த பிளாப்பிக்குள் கம்பெனி எப்படிக் கைவிட்டது என்று நான் யோசிக்கவில்லை.)

"அப்ப வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?" என்றார் அப்பா.

"இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு 'இருக்கலாம்' தரகர் வாயில் ஏறித் தெரணியகலைக்குப் போனது. அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையே கம்பெனி அடையாள அட்டையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுன ஆளு யாருங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.

வாசிகசாலைக்குக் கூட்டிப்போய்த் திறந்து காட்டினேன். அவர் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். "தம்பி, இதுகூட ஒரு ஃபோல்டர் வந்திருக்குமே?"

"வந்திச்சி. எடம் பத்தலன்னு கடையிலயே விட்டுட்டேன்."

"அதுலதான் என் மூஞ்சி இருந்திச்சி."

அப்பா தலையில் கைவைத்தார். பின்னால் நின்ற அக்கா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார், கோபத்தை எங்கேயோ மறந்துவிட்டு.

"இனி படம் கொண்டாராத" என்று என்னிடம் சொன்னாள் அக்கா. "நேர்லயே பாத்தாச்சி."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைமேல் சிவப்புப் பெருக்கல் போட்ட கதையை அத்தான் சொல்லிச் சொல்லி, அவர்கள் பிள்ளைகளுக்கு நான் 'பெருக்கல் மாமா' ஆகிவிட்டேன். சின்னவள் மட்டும், மாமா கணக்கில் புலி, அதனால்தான் இந்தப் பெயர் என்று நம்புகிறாள். போன வாரமும் வீட்டுக்கணக்கோடு வந்து நின்றாள். செய்து கொடுத்தேன்.

டீச்சர் இரண்டைத் தப்பென்று வெட்டியிருக்கிறார். சிவப்புப் பேனாவால்.