பன்னிரண்டே முக்கால் ராத்தல்

ஆம்ஸ்டர்டாம்
1668 அக்டோபர் 9

அன்பு மிகுந்த மாக்டெல்ட் அக்காவுக்குத் தங்கை அலைடா பணிவுடன் எழுதுவது. நீயும் அத்தானும் லெய்டனில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் பிள்ளை புளோரிஸ் இளைத்துக்கொண்டே போகிறான் அக்கா.

லெய்டனை விட்டுக் கிளம்பிய அன்று அங்கே சந்தைத் தராசில் புளோரிஸ் பதின்மூன்று ராத்தல். இங்கே மூன்று வாரத்தில் பன்னிரண்டே முக்கால்! என் வீட்டுக்காரர் யோஸ்டும் அவருடைய நண்பர்களும் இப்போது எந்தப் பழைய நூலையும் நம்புவதில்லை. அளந்து பார்த்தால்தான் உண்மையாம். பக்கத்து சீஸ் கடை ஹில்லேயின் தராசை இரவல் வாங்கிவந்து, பால் குடிக்குமுன் ஒரு நிறுவை, குடித்தபின் ஒரு நிறுவை, நனைந்த துணிக்குத் தனி நிறுவை. "உள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் கணக்கு இடிக்குதே, மிச்சம் தோல் வழியா ஆவியா போகுது அலைடா!" என்று குதிக்கிறார். "ஆவியா போறது என் பிள்ளைதாங்க!" என்று அழுதேன். அதையும் ஏட்டில் எழுதிக்கொண்டார். பயந்துபோய் வெண்ணெய் போட்ட ரொட்டிக்கூழை ஊட்டினேன், அவன் அந்த ஏட்டின் மேலேயே கக்கிவிட்டான், இவர் கக்கியதையும் நிறுத்தார்.

அப்பாவின் வகுப்பில் திரைக்குப் பின்னால் நாம் இரண்டு பேரும் பாவாடை மடியில் சுட்ட கஷ்கொட்டையை ஒளித்துவைத்துக்கொண்டு லத்தீன் கேட்ட நாட்கள் நினைவிருக்கிறதா? கல் ஏன் கீழே விழுகிறது? அதன் வீடு கீழே இருக்கிறது, போகிறது. நெருப்பின் வீடு மேலே. எவ்வளவு நிம்மதியான பதில்கள்! அந்தக் கூடத்தில் ஒரு தராசு கிடையாது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பிள்ளைகள் வளர்கிறார்களா என்று கன்னத்தைக் கிள்ளியே பார்த்தார்கள். என்னையும் அவனையும் அந்த வீட்டுக்கே கூட்டிப்போய்விடு. ஹில்லேயின் தராசாயிற்றே என்றுதான் அதைக் கால்வாயில் எறியாமல் இருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம்.

கண்ணீருடன்,
அலைடா

பி.கு.: முத்திரை வைக்குமுன் ஹில்லே தராசைக் கேட்டு வந்தாள். என் அழுகையைப் பார்த்து விஷயத்தை விசாரித்தாள். "லெய்டன் ராத்தலா? அடி பைத்தியக்காரி, இளைச்சது பிள்ளை இல்ல, உங்க ஊரு ராத்தலு! அது இருபத்தொண்ணு எங்க இருபதுக்குச் சமம். இத்தனை படிச்ச வீட்டுல இது தெரியாதா?" யோஸ்ட் ஏட்டைப் புரட்டத் தொடங்கினார். நானே கணக்குப் போட்டேன்: லெய்டனின் பதின்மூன்று இங்கே பன்னிரண்டு ராத்தல் ஆறு அவுன்சுதான், பிள்ளை ஆறு அவுன்சு ஏறியிருக்கிறான்! நீ வர வேண்டாம். வியாழக்கிழமைப் படகில் லெய்டன் எடைக்கற்கள் மட்டும் அனுப்பு. இவர் நிறுவையை நம்புவதற்கில்லை. இனி நானே நிறுக்கப்போகிறேன்.