ஏலம் அண்ணன் பவர் சப்ளை வாங்கிய கதை

கரண்டில் ஓடும் சாமானை மூக்கில் வைத்து மோந்து பார்த்து வாங்குகிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தூத்துக்குடியில் இருக்கிறார். எங்கள் இசைக்குழுவில் இருக்கிறார். மேடையில் எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். எல்லாம் என் தலையெழுத்து.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் ‘ஏலம்’. என்னைப் போன்ற சின்னவர்களுக்கு ‘ஏலம் அண்ணன்’. காலையில் படகுகள் வந்து மீன் இறக்கும் இடத்தில் ஏலம் விடுவது தொழில். சாயங்காலம் கல்யாண வரவேற்புகளில் பேஸ் கிட்டார். மீன் குவியலுக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் விலையை ஏற்றுகிற அதே ஆள், பேஸைத் தோளில் மாட்டிவிட்டால் தேவைக்கு மேல் ஒரு ஸ்வரம் வாசிக்க மாட்டார். வாசிப்பில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. மற்ற எல்லாவற்றிலும் சொல்லலாம். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவருடைய மச்சான் கப்பலில் வேலை பார்க்கிறவர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அண்ணனுக்கு ஒரு பெடல் வாங்கி வருவார். காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தை மாற்றிக் காட்டுகிற சின்னப் பெட்டிதான் பெடல். இப்படி ஆறு சேர்ந்துவிட்டன. ஆறையும் உடைந்த வள்ளத்தின் பலகை ஒன்றில் வரிசையாக ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார். அந்தப் பலகை மேடைக்கு வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள், “பந்தியில மீன் உண்டோ?” என்று விசாரிப்பார்கள்.

வாடை போகட்டும். பிரச்சினை சத்தத்தில் இருந்தது. ஆறு பெடலுக்கும் ஒரே ஒரு மலிவு அடாப்டர். அதிலிருந்து ஒரே வயர் கிளை கிளையாகப் பிரிந்து எல்லாவற்றுக்கும் போகும். அதனால் ஸ்பீக்கரில் எந்நேரமும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். பாட்டு நடக்கும்போது அது அமுங்கிவிடும். பாட்டு நின்றால் போச்சு.

ஒரு கல்யாண வரவேற்பில் பாட்டு நின்றது. பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்து மணமக்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்தார். பின்னாலேயே ‘ம்ம்ம்ம்’. சாமியார் நிறுத்தி மேலே பார்த்தார். மேலே ஃபேன் ஓடியது. ஃபேனில்தான் கோளாறு என்று யாரோ அதை அணைத்தார்கள். இரைச்சல் நிற்கவில்லை. அடுத்த ஃபேனை அணைத்தார்கள். அதற்கடுத்ததையும் அணைத்தார்கள். கடைசியில் ஏசியையும் அணைத்தார்கள். மண்டபமே வேர்த்து வழிய, மாப்பிள்ளை கோட்டைக் கழற்ற, பெண்ணின் மேக்கப் கரைய, இரைச்சல் மட்டும் ஜம்மென்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஏலம் அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டபடி பக்தியோடு நின்றுகொண்டிருந்தார். நான்தான் எட்டி அவருடைய வயரைப் பிடுங்கினேன்.

மண்டபத்து வாசலிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் குழுவை நடத்துகிற கிட்டார்காரரை ‘மாஸ்டர்’ என்போம். அவர் பக்கத்திலேயே நின்ற ஏலம் அண்ணனைப் பார்க்கவில்லை. கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அடுத்த கல்யாணத்துலயும் இந்தச் சத்தம் வந்துச்சுன்னா, பேஸ நீயே கீபோர்டுல இடது கையால வாசிச்சிரு. அவரு வீட்டுல இருக்கட்டும்.”

என்னால் வாசிக்க முடியும். அதுதான் சங்கடம். வரும் வழியெல்லாம் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த ஏலம் அண்ணன் வாயே திறக்கவில்லை. அந்த வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் இறங்கியவர் பேஸைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“ஏலே, காலையில முழுக்க அடுத்தவன் புடிச்ச மீன, அடுத்தவன் துட்டுக்கு வித்துக் குடுக்கேன். எனக்குன்னு இருக்கது இந்த ஒண்ணுதாம்லே.”

அடுத்த நாளே ஆபீஸ் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் எனக்கு வேலை. மாலையில் எனக்கு இவர்தான் வேலை. பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். ஒரே வயரில் ஆறும் தொங்குவதால் ஒன்றின் இரைச்சல் மற்றதற்குள் போகிறது, ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

“எல்லா மீனையும் ஒரே ஐஸ் பெட்டியில போட்டா ஒண்ணு நாறுனா அம்புட்டும் நாறும். தனித்தனிப் பெட்டியில போடணும்னு சொல்லுத. அப்படித்தான?”

“அதேதாண்ணே!” என்று துள்ளினேன். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே என்று பூரித்தேன். பிறகு விலையைச் சொன்னேன். இருப்பதிலேயே மலிவானது, ஆனால் நல்லது.

“இந்த வெலைய யாரு கேட்டா?”

“யாரும் கேக்கலண்ணே. கம்பெனி போட்ட விலை.”

“கேக்கதுக்கு ஆளே இல்லாம வெல எப்படிலே வரும்?”

அங்கே ஆரம்பித்தது என் கஷ்டகாலம். அவருக்கு விலை என்றால் நாலு பேர் சுற்றி நின்று கேட்டு, ஏறி, இழுபட்டு, கடைசியில் ஒரு இடத்தில் போய் நிற்பது. யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து எழுதி ஒட்டியதெல்லாம் அவர் கணக்கில் விலையே இல்லை. போனில் ஒரு கடையைத் திறந்து அந்தப் பவர் சப்ளையை அவருடைய கூடையில் நானே போட்டுக் கொடுத்தேன். ஒரு அழுத்து அழுத்தினால் வீட்டுக்கு வந்துவிடும். அழுத்த மாட்டேன் என்றார்.

“பொழுது சாயட்டும். வெல எறங்கிரும். ஐஸ் கரைய ஆரம்பிச்சா எவனும் வச்சுக்கிட்டு இருக்க மாட்டான்.”

“அண்ணே, அது மீன் இல்ல. அழுகாது.”

“அழுகாதுன்னா அவசரம் இல்லலா? பொறவு எதுக்கு என்னைய அவசரப்படுத்துத?”

தினமும் மத்தியானம் போனை எடுத்துப் பார்ப்பார். விலை அசையாது. “ஒருத்தனும் வாங்க வரல, ஆனா எறக்க மாட்டங்கான். திமிரு புடிச்சவன்” என்று முகம் தெரியாத அந்த வியாபாரியைத் திட்டுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்தக் கடையின் உதவி எண்ணுக்கே போன் போட்டார். சத்தத்தை ஸ்பீக்கரில் வைத்தார், சாட்சிக்கு நான்.

“சார், அது ஃபிக்ஸட் பிரைஸ் சார்” என்றது சென்னைக் குரல் ஒன்று.

“இருக்கட்டும்மா. உன் வெலையும் வேண்டாம், எங்க வெலையும் வேண்டாம். நடுவுல வந்து நில்லு.”

அந்தப் பெண் பொறுமையின் சிகரம். கடைசி வரை சார் சாரென்றே பேசிவிட்டு, தன் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டது.

“ரெண்டுல ஆரம்பிக்கேன். மேல கேளு” என்றார் ஏலம் அண்ணன். லைன் துண்டிக்கப்பட்டது.

அடுத்து பேட்டரியில் இறங்கினார். பெடலுக்குள் சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டால் வயரே வேண்டாம், இரைச்சலும் இருக்காது. நல்ல யோசனைதான், நானும் தலையாட்டினேன். ஆனால் இவர் மொத்தமாக வாங்கிய பேட்டரிகளைக் கெடாமல் இருக்கட்டும் என்று மீன் பெட்டியில் ஐஸ் போட்டு மூடி வைத்துவிட்டார். ஒத்திகைக்கு வந்தபோது ஒவ்வொன்றிலும் தண்ணீர் சொட்டியது. துடைத்துப் போட்டோம். ஒன்றுக்கும் உயிர் இல்லை. “ஐஸ் பத்தல” என்றார்.

இதற்கெல்லாம் சிகரம் காயல்பட்டினத்துப் படலம். வயதில் மூத்த ஆண்களைக் ‘காக்கா’ என்று கூப்பிடும் ஊர் அது. அங்கே பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் காக்கா ஒருவர் கடை வைத்திருக்கிறார். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் வீடுகளில் மிஞ்சுகிற அடாப்டர்கள் அவர் கடையில் குவிந்து கிடக்கும். நல்லதாக ஆறு பொறுக்கி எடுங்கள், போதும் என்றுதான் அழைத்துப் போனேன். ஏலம் அண்ணனுக்கு அந்தக் குவியலைப் பார்த்ததும் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்தார்.

“என்ன காக்கா பாக்கீங்க? கருகுன வாடை இருக்கான்னு பாக்கேன். இது பிரெஷ்ஷு. இதுவும் பிரெஷ்ஷு.”

“அண்ணே, மோந்து பாக்காதீங்க. பின்னாடி எழுதியிருக்கத படிங்க. ஒம்பது வோல்ட்டா, நடு முனை மைனஸா, அதத்தான் பாக்கணும்” என்று நான் கத்தினேன். கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. மீனைக் குவியலாகத்தானே கேட்பார்கள், ஒவ்வொன்றாகவா கேட்பார்கள்? குவியலுக்கு விலை பேசிவிட்டார். காக்கா சாக்கையும் இலவசமாகக் கொடுத்தார். இடம் காலியான சந்தோஷம் அவருக்கு.

சாக்கை அண்ணன் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் கொட்டினோம். இன்டர்நெட் பெட்டிக்கு உள்ளது, பொம்மைக் காருக்கு உள்ளது, தாடி மழிக்கும் மெஷினுக்கு உள்ளது, எதற்கென்றே தெரியாதது என்று எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் வளைகுடாவின் தடித்த சதுர முனைகள், நம் ஊர்ச் சுவரில் நுழையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று பிளக். ஆறையும் அடுக்கியபோது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கோவில் கோபுரம்போல உயர்ந்து, தானே சாய்ந்தது. அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் எழுதியிருந்ததை நான் படிப்பதற்குள் ஏலம் அண்ணன் சுவிட்சைப் போட்டார். ஒரு பெடலிலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக வந்தது. மைனஸ் இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ்.

குனிந்து அந்த அடாப்டரை மறுபடி மோந்து பார்த்தார். “இது மட்டும் கொஞ்சம் பழசு” என்றார்.

அன்று நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெரியவர் என்று பார்க்கவில்லை. கல்யாணம் நெருங்கிவிட்டது, ஒருத்தன் உங்களுக்காக நாயாய் அலைகிறான், உங்களுக்கு விளையாட்டாக இருக்கிறதா, மாஸ்டர் சொன்னதுதான் சரி, வீட்டிலேயே இருங்கள் என்று கொட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் புகைந்த பெடலைத் துவாலையால் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எரிச்சலில் போனை எடுத்தேன். அதே பவர் சப்ளையை என் துட்டில் வாங்க அழுத்தினேன்.

சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார். விலை சொன்னால் பேரம் பேசாமல் விடமாட்டார். ஆகவே சாமான் வந்து சேர்ந்ததும், ஏலம் முடிகிற நேரம் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு மீன் இறங்கும் இடத்துக்கே போனேன். சொந்தக்காரர் ஒருவருடையது, அவருக்கு வேண்டாமாம், விற்றுத் தரச் சொன்னார் என்று புளுகினேன். வாங்கியதைவிட நன்றாகவே குறைத்து ஒரு விலை சொன்னேன். இந்த விலைக்கு யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள்.

மோந்து பார்த்தார். “எத்தன ஓட்டை?”

“எட்டு.”

“எங்கிட்ட இப்ப அஞ்சு பெடலுதான் இருக்கு. மூணு ஓட்டைக்கு உள்ளத கழி.”

“கழிக்க முடியாதுண்ணே. அது ஒரே பெட்டி.”

“சரி, சொந்தக்காரரு வீடு எங்கன? கடலுக்குப் பக்கமா? அப்பம் உப்புக் காத்து பட்டிருக்கும். அதுக்கும் கழி.”

மீன்காரப் பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் என் பக்கம் சேர்ந்து, “பாவம், அந்தப் பையனுக்கு ரெண்டு காசு கூடக் குடுமேன்” என்றது. கூட்டம் கூடியதும் இவருக்கு உற்சாகம் பொங்கியது. நான் இறங்கினேன், இறங்கினேன், இறங்கிக்கொண்டே போனேன். கடைசியில் பாதிக்கும் கீழே வந்து, “எடுத்துத் தொலைங்க!” என்று கத்தினேன். ஏல வழக்கப்படி அந்த இடத்திலேயே துட்டை எண்ணி என் கையில் வைத்தார். என் விரல்களை மடக்கி மூடியும் விட்டார். கையை எடுக்கவில்லை.

“ஏலே மக்கா, இது வாங்குன வெல எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெனமும் போனுல பாத்துட்டுத்தான இருக்கேன்?”

“பின்ன எதுக்குண்ணே என்னைய இப்படி அறுத்தீங்க?”

“சும்மா வாங்குனா தருமம். நீ சொன்னதுக்கு வாங்குனா, ஏலக்காரன் எதுக்கு? இப்பம் இது நான் கேட்டு வாங்குன சாமான்லா.”

சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் ஐஸ் தண்ணீர் தெறித்துவிட்டது என்றார். ஐஸ் பெட்டி தூரத்தில் இருந்தது.

கல்யாணத்தில் சாமியார் ஜெபித்தார். ஃபேன்கள் ஓடின. ஒரு முணுமுணுப்பு இல்லை. அன்று ஏலம் அண்ணன் வாசித்த வாசிப்பில் மாப்பிள்ளையின் தாத்தா எழுந்து ஆடினார். ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தானே. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“இன்னைக்கு ஓகே. ஆனா யோசிச்சுப் பாத்தேன். அடுத்தது புதுக்கோட்டையில, சின்ன மேடை. பேஸ நீயே வாசிச்சிட்டா ஒரு ஆளு மிச்சம். உனக்கும் கூடக் கிடைக்கும். என்ன சொல்லுத?”

வண்டிக்குப் பக்கத்தில் ஏலம் அண்ணன் வேன் டிரைவரிடம் வாடகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வாடகையைக் கொடுப்பது மாஸ்டர். இவருக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த டிரைவர் அழாத குறை.

“அந்த ஆளு வரலைன்னா நானும் வரல மாஸ்டர்” என்றேன்.