பால்துரை பேரல் பார்த்த கதை

பால்துரை தம் வாழ்நாளில் எதையாவது தேர்ந்தெடுத்ததுண்டா? அவரோடு கால் நூற்றாண்டாகக் குடும்பம் நடத்தும் ஏசம்மாளிடம் கேட்டால், "அவிய எடுத்தது எதுன்னு எனக்கும் தெரியல. எடுக்கப் போனது நெறைய" என்பார்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் சிறிய ஆலை ஒன்றின் முதலாளியான பால்துரை, உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஓர் இனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி. ஆராய்ந்தெடுப்போர் என்று அந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். பெயரில் ஒரு குறை உண்டு. ஆராய்வார்கள், எடுக்க மாட்டார்கள். இவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மின்விசிறிக் கடையில் எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அண்ணாந்து நின்று, சத்தம் கேட்டு, காற்று வாங்கி, கடைசியில் "கேட்லாக் இருந்தாக் குடுங்க" என்று ஒரு காகிதத்தோடு வியர்த்துக்கொண்டே வீடு திரும்புகிறவர் யார்? ஓட்டலில் மெனு அட்டையை முதல் வரியிலிருந்து வாசித்து, பக்கத்து மேசைக்காரரின் தட்டை எட்டிப் பார்த்து, சர்வரிடம் ஒவ்வொரு பதார்த்தத்தின் பூர்வீகத்தையும் விசாரித்து, கூட வந்தவர்கள் கை கழுவப் போகும் நேரத்தில் "சரி, ஒரு காபி" என்கிறவர்? அவரேதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைகளில் ருசி பார்க்கக் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார்கள். பால்துரை கடை கடையாகக் கிள்ளல் வாங்கி, அதிலேயே வயிறு நிரம்பி, வெறுங்கையோடு பஸ் ஏறியவர்.

ஏசம்மாளைப் பெண் பார்க்க அவர் மூன்று தடவை வந்தார். முதல் தடவை கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை பஜ்ஜி மட்டும். மூன்றாம் தடவை ஏசம்மாளின் அப்பா ஒரு செம்புத் தண்ணீரை முன்னால் வைத்து, "ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லியாச்சு மாப்ள" என்று அறிவித்துவிட்டார். தான் தேர்ந்தெடுக்கப்பட்டவளா, இல்லை அவருக்கு நேரம் முடிந்துபோன சமயத்தில் எதிரே நின்றவளா என்ற சந்தேகம் ஏசம்மாளுக்கு இன்றைக்கும் உண்டு. கேட்டதில்லை. கேட்டால் அதையும் ஆராயத் தொடங்கிவிடுவார்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமலே இருப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டும் தெரியுமா? எடுக்காத வரைக்கும் எல்லாம் நம்முடையவை. ஒன்றை எடுத்த நொடியில் மற்றவை போய்விடும். கையில் மிஞ்சியதன் குறைகள் தெரிய ஆரம்பிக்கும். போதாததற்கு, அதை வைத்துக்கொண்டு நாம் என்ன சாதித்தோம் என்று ஊரும் கேட்கும். இதற்கு ஒரு மனிதன் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பெரிய நியாயம் அல்ல.

இப்படிப்பட்டவர் ரைபிள் கிளப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகும் சாலையில், மலையைப் பார்த்தபடி நீளமாக ஒரு தகரக் கொட்டகை. அங்கே தரையில் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டருக்கு அப்பால் காகிதத்தில் அச்சிட்ட கறுப்பு வட்டத்தின் நடுவை, சட்டைப் பொத்தான் அளவேயான நடுவை, சுட வேண்டும். மற்ற உறுப்பினர்கள் வருவார்கள், சுடுவார்கள், தவறவிடுவார்கள், மலைக்காற்றைத் திட்டிவிட்டுப் போவார்கள். பால்துரை வருவார். சுட மாட்டார். ஏன்?

"பேரல் சரியில்ல. சரியில்லாத பேரல்ல சுட்டா கை கெட்டுப்போவும்."

பல ஆண்டுகளாக அவருடைய கை கெடாமல் இருந்தது. வாய்க்கும் ஒரு குறைவில்லை. பேரல் என்பது துப்பாக்கியின் இரும்புக் குழல். அதன் உட்சுவரில் சுருண்டு ஓடும் வரிகள்தான் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. இவ்வளவுதான் உங்களுக்கும் எனக்கும் தேவை. பால்துரைக்கு இது முன்னுரை. எந்த எஃகு வெயிலில் எவ்வளவு நெளியும், வரிகளை வெட்டி எடுப்பது நல்லதா அழுத்தி எடுப்பதா, வாய்ப்பக்கம் ஒரு நூல் குறுகலாக இருந்தால் என்ன லாபம் என்று, கல்யாணப் பந்தியில் ரசம் வரும்போது தொடங்கினார் என்றால் பக்கத்து இலைக்காரர் மோரைக் குடிக்காமலே எழுந்துவிடுவார்.

கேலிக்கு இது போதும். ஆனால் அங்கே வின்சி என்று ஒருத்தி இருந்தாள்.

ஏசம்மாளின் தங்கை மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிப் படிப்பு. அந்தக் கிளப்பில் உண்மையாகவே சுடத் தெரிந்த ஓரிருவரில் ஒருத்தி. கிளப் துப்பாக்கியின் பழைய பேரல் தேய்ந்துபோய், அவள் நடுவைக் குறிவைத்தால் குண்டு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு ஜூனியர் வயது இந்த ஆண்டோடு முடிகிறது. வரப்போகும் மாநிலப் போட்டியில் தகுதிப் புள்ளியைத் தொட்டால் மேலே போகலாம். தொடாவிட்டால் அடுத்த ஆண்டு பெரியவர்கள் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். கிளப் ஒரு புதுப் பேரல் வாங்கத் தீர்மானித்தது. விற்கிறவர் மூன்றை அனுப்பி, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பச் சொன்னார். எதை வைத்துக்கொள்வது? கமிட்டி ஒரே குரலில் பால்துரையைக் கை காட்டியது. ஒரு விஷயத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அதை முடித்தும் வைப்பார் என்று நம்புவது எல்லாக் கமிட்டிகளுக்கும் வழக்கம்.

பால்துரை மறுபிறவி எடுத்தார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய துணியில் ஒரு கட்டு ஆலையிலிருந்து கொண்டுவந்து மேசையில் விரித்து, மூன்று பேரல்களையும் அதில் கிடத்தினார்: வெள்ளி மாதிரி மின்னும் நீளமானது ஒன்று, குட்டையான கறுப்பு ஒன்று, கனத்த தடியன் ஒன்று. அதே துணியைக் கத்தரித்துக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தார். ஈயத் துண்டு ஒன்றை உள்ளே நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தள்ளி, எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று நாடி பார்த்தார். மறுபடி துடைத்தார். பிறகு செல்போனோடு இணைக்கும் ஊசிக் காமிரா ஒன்றை வரவழைத்து, பேரலின் உட்புறத்தைப் படமெடுத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். துணி விஷயமாக வந்த டாக்டர் ஜெபக்குமார் அதைக் கண்ணாடி மாற்றிப் பார்த்தார்.

"உள்ள சுத்தமாத்தான இருக்கு. ஆளு யாரு? நல்லா சாப்பிடுதாரா?"

"டாக்டர், இது ரைபிள் பேரல்."

"அப்படியா? இந்த மாதிரி ஒரு குடல் என்ட்ட வந்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பேன்."

பால்துரை அனுப்பவில்லை. கறுப்புப் பேரலில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரிந்தது. "இது ஆவாது" என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னார். சொன்னாரே தவிர, அதையும் விலக்கவில்லை. ஒப்பிட ஏதாவது வேண்டாமா?

அடுத்தது சுட்டுப் பார்க்கும் சோதனை. துப்பாக்கியை மேசையில் இறுக்கிப் பூட்டி, ஒவ்வொரு பேரலாக மாட்டி, ஒவ்வொரு வகைக் குண்டாகப் போட்டுச் சுட வேண்டும். எதில் துளைகள் நெருக்கமாக விழுகின்றனவோ அது நல்ல பேரல். ஒரு வகைக் குண்டுக்கு வெள்ளி முந்தியது. இன்னொன்றுக்குத் தடியன். காலையில் தோற்றது சாயங்காலம் ஜெயித்தது. கறுப்பு மட்டும் எதிலும் முதலில் வரவில்லை. வேறொருவர் என்றால் சலித்திருப்பார். பால்துரையின் முகம் பூரித்தது. முடிவு தள்ளிப்போகிறது என்றால் ஆராய்ச்சி ஆழமாகிறது என்று பொருள்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். போட்டிக்கு உகந்த குண்டு இங்கே நினைத்தபோது கிடைக்காது. கிளப்பின் பங்கு எப்போதாவதுதான் வரும். சோதனை அதைத் தின்றுகொண்டிருந்தது. வின்சிக்குச் சிறந்த பேரலைக் கண்டுபிடிப்பதற்காக, வின்சி பழக வேண்டிய குண்டெல்லாம் மேசையிலிருந்தே மலையடிவாரத்து மண்ணுக்குள் போயின. அவள் தேய்ந்த பேரலோடு, குண்டு போடாத வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள்.

"பெரியம்மா, டிக்குன்னு தட்டுறேன், அம்புட்டுதான். நீங்களாவது பெரியப்பாட்ட சொல்லுங்க" என்று போனில் அழாத குறை.

"நான் சொல்லியா கேப்பாவ? எங்க வீட்டுக்குக் கிரைண்டர் பாத்து முடிக்கதுக்குள்ள ஊருல மாவு பாக்கெட்டே வந்துட்டு."

வின்சி நேரடியாகவும் கேட்டுப் பார்த்தாள்.

"பெரியப்பா, மூணும் நல்ல பேரல்தான? ஏதாச்சும் ஒண்ண மாட்டிக் குடுங்களேன்."

"நல்லதுன்னா போதுமா பிள்ள? எது ரொம்ப நல்லதுன்னு தெரியாண்டாமா?"

"அது தெரியிறதுக்குள்ள எனக்கு வயசாயிரும்."

"வயசானவியளுக்கும் தனிப் பிரிவு இருக்கே" என்றார் பால்துரை. கிண்டலாக அல்ல, தகவலாக.

ஏசம்மாள் மறுநாளே கணவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்து, கேட்காமலே கிளப்புக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்தார். அதற்கு அவசியம் வரவில்லை. ஆயுத அறைச் சாவி வைத்திருக்கும் சோலைராஜ் குண்டுள்ள இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இருக்கது இதுதான். அடுத்த சரக்கு போட்டி முடிஞ்ச பொறவுதான் வருதாம். சோதனைக்கு வைக்கவா, பிள்ளைட்ட குடுக்கவா?"

"செத்த நேரம் இருலே."

வின்சி பாயில் படுத்தபடி தலையைத் திருப்பிப் பார்த்தாள். பால்துரை பேரல்களைப் பார்த்தார். ஏசம்மாளுக்கு அடுத்து வரப்போவது மனப்பாடம்: ஒரு பெட்டி சோதனைக்கு, ஒரு பெட்டி பிள்ளைக்கு, அப்புறம் சோதனை முடியவில்லை என்று அந்த இன்னொரு பெட்டியும். "நான் வாயத் தொறக்கல" என்றார் ஏசம்மாள், வாயைத் திறந்து. "தொறந்து தொறந்து வலிக்குது. ஆனா அந்தப் பிள்ள மூஞ்சிய மட்டும் ஒருக்கா பாருங்க."

பால்துரை பார்த்தாரா என்பது சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். வெள்ளியின் மேல் கை வைத்தார், எடுத்தார். பிறகு, முதல் நாளே ஆகாது என்று சொன்ன, கீறல் விழுந்த, எந்தச் சோதனையிலும் முந்தாத அந்தக் கறுப்புப் பேரலைத் தூக்கிச் சோலைராஜிடம் கொடுத்தார்.

"இத மாட்டு. ரெண்டு பெட்டியையும் பிள்ளைட்ட குடு."

"அண்ணாச்சி, இதையா?"

"கேட்டது வெளங்கலையாலே?"

கை கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்க வெகுநேரம் ஆனது.

ஏன் கறுப்பு? கைக்குப் பக்கத்தில் அதுதான் கிடந்தது என்கிறார் சோலைராஜ். பெரியப்பாவுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்கிறது என்கிறாள் வின்சி. தலை கிறுகிறுத்தால் மனிதர்கள் இப்படிச் செய்வதுண்டு, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஏசம்மாள் அன்றைக்கே ஸ்கூட்டரில் ஏறும்போது கேட்டார்.

"ஏங்க, அத ஏன் எடுத்தீய?"

"வெயில் ஏறுது. ஹெல்மெட்ட மாட்டு."

அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேரலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் பேசுகிற மனிதர், அந்த ஒரு பேரலைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

நீங்கள் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அந்த வெள்ளியை எடுத்திருக்கலாமோ என்றா? ஒரு வகைக் குண்டுக்குத் தடியன் முந்தியதே, அதை இன்னும் கொஞ்சம் சோதித்திருக்கலாமே என்றா? கீறல் எவ்வளவு நீளம், அது குண்டைத் தொடுமா தொடாதா என்றா? நல்ல கேள்விகள். வின்சி தேறினாளா என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. தேறிவிட்டாள், புள்ளிக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றுமில்லை, தகுதிக்கு மேலே, அவ்வளவே. பால்துரை எதையோ எடுத்துவிட்டதால் அவருடைய இனத்தில் இந்த வட்டாரப் பிரதிநிதி இடம் காலியாக இருக்கிறது. அவசரம் வேண்டாம். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.