ராட்டினத்துக்கு ஒத்திகை

மதிப்பும் பிரியமும் ஒருசேர நிறைந்த அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். அங்கே நீங்கள், மாமா, மாமாவின் முழங்கால் மூவரும் நலம்தானே? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரி வெச்சிடு, அடுப்புல பால் இருக்கு" என்கிறீர்கள். கடிதத்துக்கு உங்கள் பாலைப் பற்றிக் கவலையில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் இதுதான். நாங்கள் பொருட்காட்சிக்குப் போகிறோம்! வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தால் விளக்கை அணைத்து விரட்டுகிறவரை. நீங்களும் வர வேண்டும், ஏன் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஒன்பது வயதில், அதே மைதானத்தில், ராட்டினத்தின் உச்சியில் நான் போட்ட கூச்சலில் இயந்திரத்தையே நிறுத்தி நம் இருவரையும் இறக்கிவிட்டார்கள். உங்கள் செருப்பு ஒன்று மேலேயிருந்து விழுந்து யாரோ ஒரு புண்ணியவானின் ஐஸ்கிரீமில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "இவதானே ராட்டினத்த நிறுத்தினவ?" என்றுதான் என்னைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். இப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். பெரிய பெரிய மீசை வைத்தவர்களெல்லாம் என்னைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவள் ஓர் இரும்புச் சக்கரத்துக்குப் பயந்து சாவதா? இந்த முறை ஏறி, முழுசாகச் சுற்றி, கண்ணைத் திறந்தபடியே இறங்கப் போகிறேன். அதற்குச் சாட்சி நீங்கள்தான். வேறு யார் சொன்னாலும் நம் குடும்பத்தில் நம்ப மாட்டார்கள்.

ஏற்பாடு முழுவதும் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவளுடையது. காலையிலிருந்து மாலைவரை டோக்கன் கொடுத்துப் பழகியவள், காற்றைக்கூட வரிசையில் வரச்சொல்வாள். நாங்கள் அவளை டைம்டேபிள் என்றே கூப்பிடுகிறோம். எங்களோடு வருகிற மூன்றாவது ஆள் நெட்டை. ஊரெல்லாம் பைக்கில் சுற்றி ரத்தக் குப்பிகளைச் சேகரித்துக்கொண்டு வருபவன். அவனுக்குப் பொருட்காட்சியில் வேறு எதுவும் வேண்டாம், கால்நடைப் போட்டியில் பரிசு வாங்கிய மாட்டைப் பார்த்தால் போதும். "எவ்வளவு நேரம்டா பாப்ப?" என்று டைம்டேபிள் கேட்டதற்கு, "அது என்னப் பாக்குற வரைக்கும்" என்றான். அவள் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கினாள். காய்கறிக் கண்காட்சிக்குப் பதினைந்து. வளைந்த கண்ணாடிகள் வைத்த அறைக்கு ஏழே நிமிடம், சிரிக்க வேண்டியதை அதற்குள் சிரித்து முடித்துவிட வேண்டுமாம். ராட்டினம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு. அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் "ஒத்திகை அவசியம்" என்று போட்டாள். வந்தது வினை.

முதல் ஒத்திகை துணிக்கடையின் கண்ணாடி லிஃப்டில். ஐந்து மாடி ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. பதினொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களோடு ஒட்டிக்கொண்டு நின்றதில் எல்லா மாடிக்கும் பொத்தான் அழுந்தி, லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று போனது. காவலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா, எதாவது வாங்கப் போறீங்களா, இல்ல இதுலயே குடியிருக்கப் போறீங்களா?"

"இவளுக்கு வைத்தியம் நடக்குதுண்ணே," என்றாள் டைம்டேபிள்.

"என்ன வைத்தியம்?"

"உயரம்ணே."

அவர் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "இந்த வயசுக்கு மேல எங்கம்மா வளரப் போவுது?"

விளக்கிச் சொன்னதும் மனிதர் எங்களைத் துரத்தவில்லை. தானே உள்ளே வந்து பொத்தானை அழுத்தினார். பன்னிரண்டாவது தடவையில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், அத்தை, நான் கண்ணைத் திறந்தேன்! எதிர்க் கட்டடத்து மாடியில் ஒருவர் போர்வை உதறிக்கொண்டிருந்தார். உலகத்திலேயே அவ்வளவு அழகாகப் போர்வை உதறுகிறவரை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது ஒத்திகையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. சாப்பிட்டுவிட்டு ராட்டினம் ஏறுவதா, ஏறிவிட்டுச் சாப்பிடுவதா என்று டைம்டேபிளுக்கு ஒரு சந்தேகம். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள், பரிசோதனைக் கூடத்தில் வேறு என்ன சொல்வார்கள்? மதிய இடைவேளையில் என் வாய்க்குள் இரண்டு தட்டு நூடுல்ஸைத் தள்ளி, ரத்தம் எடுக்கிற அறையிலிருக்கும் சுழல் ஸ்டூலில் உட்காரவைத்து, நெட்டையைச் சுற்றச் சொன்னாள். அவனுக்குக் கை நீளம், கேட்கவா வேண்டும்! இருபதைத் தாண்டியபோது கதவு திறந்தது. எங்கள் பெரிய டாக்டரம்மா. நெட்டை கையை எடுத்துவிட்டான், ஸ்டூல் நிற்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டாக, "வண... க்கம்... டாக்டர்" என்று மூன்று சுற்றில் ஒரு வணக்கத்தைச் சொல்லி முடித்தேன்.

"எத்தன சுத்து?" என்றார்.

"இருபத்தாறு, டாக்டர்."

"வாந்தி வருதா?"

"இல்ல டாக்டர். ஆனா நீங்க ரெண்டு பேரா நிக்கிறீங்க."

"ரெண்டு பேரும் சேந்துதான் சொல்றோம். எறங்கு."

இறங்கினேன். நேராகக் கதவுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு பீரோவுக்குப் போனேன். அங்கிருந்து தட்டுத் தடுமாறி, கையில் ஊசியோடு வெளியே வந்து "அடுத்தவங்க வாங்க" என்றேன். வரிசையில் முதலில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், "எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா, நாளைக்கு வரேன்" என்று எழுந்தார். அவர் பின்னாலேயே பாதி வரிசை எழுந்துவிட்டது.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவசரப் பணி வேறு என் தலையில் இருந்தது, அன்றைக்கு விடுப்பு கேட்க எனக்கு எந்த முகமும் மிச்சமில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். டைம்டேபிளின் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். பேனாவை எடுத்து, சாப்பாட்டை அடித்து ராட்டினத்துக்குப் பின்னால் போட்டார். அப்புறம் அமைதியாக, "ஞாயித்துக்கெழம நான் பாத்துக்குறேன். நீ போய் ஏறிட்டு வா. இனிமே என் ஸ்டூல்ல யாரும் சுத்தக் கூடாது" என்றார். அத்தை, அந்த அம்மாள் காலில் விழலாம் என்று தோன்றியது. தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் விழவில்லை, எழ முடியாமல் போய்விடுமே.

ஆக, எல்லாம் தயார். சனிக்கிழமை சாயங்கால வண்டியில் வந்துவிடுங்கள். நாடா வைத்துக் கட்டுகிற ஷூவாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், இந்த முறை பாதகம் நேரக்கூடாது. மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் என் தலைமேல் இருக்கட்டும், ஞாயிறு நாலு பத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் நெட்டை மூச்சிரைக்க ஓடிவந்தான். பெருமழை வருகிறதாம், பொருட்காட்சியை இன்றைக்கே மூடுகிறார்களாம். வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி, டைம்டேபிளின் தாளில் இல்லாத ஒரு நேரம்! வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூவரும் ஒரே பைக்கில் பறந்தோம். இதை மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடுகள் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டன. நெட்டை வெறும் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்தான்.

ராட்டினம் இன்றைக்கும் பாதியில் நின்றது. சத்தியமாக நான் இல்லை! உச்சிக்குப் போனதும் டைம்டேபிள் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு "நிறுத்துங்க, எனக்கு ஒரு அவசர வேல இருக்கு!" என்று அலறினாள். இறக்கிவிட்டார்கள். ராட்டினக்காரர் "நீயும் எறங்குறியாம்மா?" என்றார். "நான் வரல, நீங்க சுத்துங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தனியாக மேலே போனேன். கடைக்காரர்கள் கூரைத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், தூரத்தில் மழை ஒவ்வொரு தெருவாக வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன் அத்தை, ஒன்றையும் விடவில்லை.

நெட்டை அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததால் மேலே பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. போகட்டும். ஞாயிற்றுக்கிழமை இங்கே வெறும் சேறுதான் இருக்கும், நீங்கள் வர வேண்டாம். ராட்டினக்காரர் கையைத் தட்டிக் கூப்பிடுகிறார், "மழ வர்றதுக்குள்ள இன்னொரு சுத்து சுத்திடலாம், வர்றியா?" என்று. மீதியை இறங்கி வந்து