கேப்டனுக்கு அக்கா இல்லை

சின்ன வயதில் பார்த்த நாடகத்தைப் பெரிய டிவியில் மறுபடி பார்க்கக்கூடாது. பார்த்தே தீரவேண்டும் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்கவேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் பேச வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பது கொலைக்குச் சமம். (செத்தது என் மானம்தான், அதனால் போலீஸ் வரவில்லை.)

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்தேன். அங்கே டிவி இருந்தது தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டில் மட்டும்தான். வாரம் ஒரு தடவை அதில் ஓர் ஆங்கில விண்வெளித் தொடர் வரும். அதன் பெயர் எங்கள் யாருடைய வாயிலும் நுழையவில்லை. ‘ராக்கெட் நாடகம்’ என்போம். கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொட்டும். விண்வெளியில் வருடம் பூராவும் பனி பெய்யும் என்று நான் பள்ளிக் கட்டுரையில் எழுதி, வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். கீழே ஓடும் மலாய் எழுத்துகளோ எறும்பு ஊர்வது போலத் தெரியும். அதனால், யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த ஒரே வழி என் அண்ணன் மாரிமுத்து.

அண்ணன் அப்போதுதான் டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தான். ஆகவே அவனுக்கு ஆங்கிலம் தெரியும். (அப்படித்தான் நாங்கள் முடிவு செய்திருந்தோம். அவன் மறுக்கவில்லை.) டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்கள் ஒன்று சொன்னால் இவன் அதைத் தமிழில் சொல்வான். சில சமயம் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவான். அது அவனுடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நாங்கள் வாயைப் பிளப்போம்.

அண்ணன் சொன்ன கதை இதுதான். கேப்டனுக்குத் தாய் தகப்பன் கிடையாது. அக்காதான் வளர்த்தாள். அவளும் அதே ராக்கெட்டில் வேலை செய்கிறாள். அக்காவுக்கு ஒரு நல்ல இடம் அமையாமல் தான் கல்யாணம் கட்டுவதில்லை என்று கேப்டன் சத்தியம் செய்திருக்கிறார். மாப்பிள்ளை தேடித்தான் கிரகம் கிரகமாகச் சுற்றுகிறார்கள். வழியில் பூதங்கள் வந்து தொல்லை கொடுக்கின்றன.

நான் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கதையை நம்பித்தான் நான் வாழ்ந்தேன். ராக்கெட்டில் சோறு தீர்ந்துபோன அன்று கேப்டன் எழுந்து நின்று, “எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு” என்று சொன்னாரே, அதை வைத்தே குடும்பம் நடத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் ராஜு கடைசியாகத்தான் சாப்பிடுகிறார். “குடும்பத்துக்கு நீங்கதானே கேப்டன்” என்று சொல்லிவிடுவேன். பாவம், பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு ஆறிப்போன குழம்பைச் சாப்பிடுவார். எங்கள் மகள் யாழினி பொய் சொன்னால் கேப்டன், பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கினால் கேப்டன், கைப்பேசியை அதிகம் நோண்டினாலும் கேப்டன். அவர் காலத்தில் கைப்பேசியே கிடையாது என்பது எனக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தொடரைச் சுத்தம் செய்து, நிறத்தையெல்லாம் மீட்டு, துல்லியமான படமாக இணையத்தில் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கே டுரியான் துங்கால் டவுன் கடை ஒன்றில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கியாகிவிட்டது. ஆனால் உடனே பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு நல்ல நாளில்தான் தொடங்கவேண்டும் என்று வைத்திருந்தேன்.

நல்ல நாள் வந்தது. யாழினியும் தினேஷும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் சொல்லி, தினேஷின் பெற்றோர் புக்கிட் ரம்பாயிலிருந்து முறைப்படி பேச வந்தார்கள். அப்பா கோபால் கலகலப்பானவர், விடுமுறை என்றால் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். அம்மா புஷ்பா டீச்சர் வேறு மாதிரி. காலமெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவர் பார்த்தால் ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கே சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றும்.

தாய்மாமன் என்ற முறையில் அண்ணனும் நியாலாஸிலிருந்து வந்திருந்தான். இப்போது அவன் கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பார்த்தாலே நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

“பசியாறுங்க” என்று கறிபாப்பும் கேசரியும் வைத்தேன். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் யாழினியைப் பார்த்துவிட்டு, “பொண்ண ரொம்ப நல்லா வளத்திருக்கீங்க. எப்படி?” என்றார்.

சாதாரண அம்மாவாக இருந்தால் ‘எல்லாம் சாமி புண்ணியம்’ என்று சொல்லி முடித்திருப்பாள். நான், “எல்லாம் கேப்டன்தாங்க” என்றேன்.

“கேப்டனா? ஆர்மியா?” என்றார் கோபால்.

யாழினி என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். ராஜு இருமினார். எதுவும் என் காதில் ஏறவில்லை. கேப்டனின் வரலாற்றை முழுதாகச் சொல்லி முடித்து, “சொன்னா புரியாதுங்க, போட்டே காட்டுறேன். அக்கா தம்பி பாசம்னா என்னான்னு பாருங்க” என்று ரிமோட்டை எடுத்தேன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏம்மா சரோ, அது பழைய நாடகம்லா. இப்ப எதுக்கு? சம்பந்தி வீட்டுக்காரங்க பேச வந்திருக்காங்க.”

“அண்ணே, நீ சொல்லித்தானே நான் பாத்தேன். நீயே வேணாங்குறியே!”

“இல்ல... அதுல எழுத்து ஓடுமா?”

“இப்ப எல்லாமே தெளிவா ஓடும்ணே. சத்தமும் சுத்தமா கேக்கும்.”

அண்ணன் தண்ணீர் கேட்டான்.

தொடர் ஆரம்பித்தது. முதலில் ஓர் அறிவிப்பு. அந்தக் காலத்தில் ஒளிபரப்பில் வெட்டப்பட்ட காட்சிகளையும் தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார்களாம். “பாருங்க, அப்ப நாங்க பாக்காததும் இருக்கு!” என்று எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட இடம் அது.

ராக்கெட் மிதந்து வந்தது. கோபால் முன்னால் குனிந்தார். “எங்க வீட்டுல இருக்கு இந்த நரம்பு. டேம்ல தூண்டில் போட இதத்தான் கொண்டு போவேன்.” உண்மைதான். ராக்கெட் மேலேயிருந்து தூண்டில் நரம்பில் தொங்கிக்கொண்டிருந்தது பளிச்சென்று தெரிந்தது. பனி பெய்யவில்லை. நட்சத்திரம் எல்லாம் கறுப்புத் துணியில் போட்ட ஓட்டை. அதில் ஒரு நட்சத்திரத்துக்குப் பின்னால் யாரோ நடந்து போனார்கள்.

கேப்டன் வந்தார். வெள்ளைச் சட்டை, சாமி மாதிரி இருப்பார் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தேன். சட்டை ரோஜா நிறம். தலைமுடி நெற்றியோடு ஒட்டாமல் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பிறகு பூதம் வந்தது. என்னைப் பல வருடம் தனியாகக் கழிவறைக்குப் போகவிடாமல் செய்த பூதம்.

“முதுகுல பாருங்க, வாலு மாதிரி பளபளன்னு...” என்று ஆரம்பித்தேன்.

“ஆன்ட்டி, அது ஜிப்” என்றான் தினேஷ், மரியாதையாக.

சரி, படம் கிடக்கட்டும், கருத்துதான் முக்கியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சோறு தீர்ந்துபோகும் காட்சி வந்தது. கேப்டன் எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, அவரோடு சேர்ந்து, “எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு!” என்றேன்.

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அவரு அப்படிச் சொல்லலையே. ‘யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது’ன்னு சொல்றாரு.”

ராஜு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அத்தனை வருட ஆறிப்போன குழம்பும் அந்தப் பார்வையில் இருந்தது.

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திரையில் அக்கா வந்துவிட்டாள். இதாவது என்னைக் காப்பாற்றும் என்று, “இவங்கதான் அக்கா. இவங்க கண் கலங்கினா கேப்டனுக்குத் தாங்காது” என்றேன்.

அக்கா கண் கலங்கினாள். கேப்டனுக்குத் தாங்கவில்லை. இரண்டே எட்டில் வந்து அவளை இழுத்து அணைத்து, வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்தார். சாதாரண முத்தம் இல்லை. அந்தக் காலத்துத் தணிக்கைக்காரர் ஏன் வெட்டினார் என்று பார்த்த உடனே புரிகிற முத்தம். சுவர் அகலத்துக்கு. அக்காவின் உதட்டு மச்சம்கூடத் தெரிந்தது.

“அலாமாக்!” என்றார் கோபால். “அக்கான்னீங்க?”

ரிமோட்டைப் பிடித்து அமுக்கினேன். படம் நின்றது, முத்தம் முத்தமாகவே. பதறிப்போய் வேறு பொத்தானை அமுக்கினேன். படம் கொஞ்சம் பின்னால் போய், அக்கா மறுபடி கண் கலங்கி, கேப்டன் மறுபடி ஓடி வந்தார். மூன்றாவது தடவை அவர் ஓடி வந்தபோது ராஜு எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார்.

எல்லாரும் அண்ணனைத் தேடினோம். நாற்காலி காலி. வாசலில் கார் உறுமும் சத்தம். எட்டிப் பார்த்தால் கோயில் கமிட்டித் தலைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், போக வழியில்லை. பின்னால் சம்பந்தியின் கார் மறித்து நின்றது. வேறு கதியில்லாமல் அண்ணன் திரும்பி வந்து, வாசலில் நின்றபடி, “வண்டிய கொஞ்சம் எடுக்கிறீங்களா?” என்றான்.

“அண்ணே! அக்கான்னு சொன்னியே!”

“அப்ப நானே சின்னப் பையன்லா. அந்தம்மா அவரு தோள்ல கைய வச்சிச்சு. கிராணியம்மா வேற பாத்துக்கிட்டு இருக்காங்க. சுத்தி எல்லாம் சின்னப் புள்ளைங்க. நான் என்னா சொல்றது? அக்கான்னு சொல்லிட்டேன்.”

“அப்ப மத்ததெல்லாம்?”

“இங்கிலீசுல அப்பத்தான் ஏபிசி படிச்சிக்கிட்டு இருந்தேன். என்னைப் போயி மத்ததெல்லாம்னு கேக்குற” என்றான் அண்ணன். தலைவர் களை போய், திருநீறு வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. “நீங்க எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. தெரியாதுன்னு சொல்ல மனசு வரல.”

எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் கேப்டன் என்று கும்பிட்டதெல்லாம் என் அண்ணன் நின்ற இடத்தில் இட்டுக்கட்டியது. கோபப்படலாமா, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் கறிபாப் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சம்பந்தி வீட்டார் எழுந்தார்கள். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிவிட்டார். கேசரியைத் தொடவே இல்லை. கல்யாணத் தேதியும் பேசவில்லை.

“ஒரே ஒரு நாளு, அம்மா. ஒரே ஒரு நாளு அந்த டிவிய போடாம இருக்க முடியலையா?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போன யாழினி, அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. தினேஷிடமிருந்தும் சரியான பதில் இல்லை. ‘அம்மா இன்னும் எதுவும் சொல்லல’ என்று மட்டும் செய்தி அனுப்பினான். என் மகளின் கல்யாணத்தை ஒரு ரோஜாச் சட்டைக்காரனுக்காகக் கெடுத்துக்கொண்டேனே என்று வேலையிடத்தில் கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். அண்ணன் தினமும் போன் செய்து, “நான் போயி கால்ல விழட்டுமா?” என்று கேட்பான். “நீ எதுவும் பேசாத. நீ வாயத் தொறந்ததுனாலதான் இவ்வளவும்” என்று வைத்துவிடுவேன்.

வாரக் கடைசியில் கோபால் அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தேன்.

“எங்க வீட்டு டீச்சரு நல்லா இல்லீங்க” என்றார். “அன்னிக்கி உங்க வீட்டு முனை திரும்புறதுக்குள்ள சிரிக்க ஆரம்பிச்சது. ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு அரை மணி நேரம் நின்னோம். உங்களுக்குப் போன் பண்ணிப் பேசலாம்னு தினம் எடுக்கும், ‘அக்கா’ன்னு நினைச்சதும் சிரிச்சிட்டு வச்சிடும். பேசுற நிலமையில இல்ல. அதான் நான் கூப்புடுறேன். ஞாயித்துக்கிழமை வர்றோம். தேதி பாத்துடலாம். உங்க அண்ணனையும் வரச் சொல்லுங்க.”

வந்தார்கள். தேதி குறித்த கையோடு டீச்சரே ரிமோட்டை எடுத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, “அண்ணே, நீங்க சொல்லுங்க” என்று அண்ணனை டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அண்ணன் முதலில் கூசினான். பிறகு தொண்டையைச் செருமினான். பூதத்துக்கு ஒரு குடும்பம் வந்தது, பூதத்தின் மாமியாருக்கும் கேப்டனுக்கும் வாய்க்கால் தகராறு வந்தது. ஆங்கிலத்தில் ஊறிய டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்புறம்? இப்ப என்னா சொல்றாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. ராஜு இப்போது எல்லாருக்கும் முதலில், சூடாகச் சாப்பிடுகிறார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாராவது ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினால் போதும், எல்லாரும் அண்ணன் பக்கம் திரும்பி, “என்னா சொல்றாங்க?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வங்கி அதிகாரி, காப்புறுதி முகவர் யாரும் தப்பவில்லை.

போன மாதம் ராஜுவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க கிளினிக் போனோம். துணைக்கு அண்ணனும் வந்தான். இளம் டாக்டரம்மா தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் கடகடவென்று விளக்கினார். ராஜு கவலையோடு கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் அண்ணனைப் பார்த்து, “மச்சான், என்னா சொல்றாங்க?” என்றார்.

அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “சீனிய விட்டுட்டு, பொண்டாட்டிகூட தினம் சாயங்காலம் நடக்கணுமாம். அவ என்னா பேசினாலும் எதுத்துப் பேசக்கூடாதாம்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். அவரும் தமிழ்ப் பெண்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“நான் அப்படிச் சொல்லலையே, அங்கிள்” என்றார். பிறகு மறுபடி பேனாவைத் திறந்தார். “ஆனா நல்லாத்தான் இருக்கு. அதையும் சேத்து எழுதிடுறேன்.”