எறும்புகளுக்கு டபுள் எக்ஸ்எல்

2007-ஆம் வருடம் தங்கதுரை முதலாளியின் பனியன் கம்பெனியில் நாற்பது எறும்புகளும் ஒரு ராணியும் முறைப்படி பணியில் சேர்ந்தன. கோயமுத்தூர் ஓட்டலில் நடந்த நிர்வாகப் பயிற்சி வகுப்பில், கோட்டுப் போட்ட ஒரு பயிற்சியாளர், "எறும்பு வளர்க்காத முதலாளி முன்னுக்கு வர முடியாது" என்று சொல்லி, எறும்புகள் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை ஆளுக்கொன்றாகத் தலையில் கட்டியிருந்தார். அந்த மாதத்தோடு திருப்பூர் முதலாளிகளின் மேஜைகளிலிருந்து தங்கமீன்கள் வெளியேறின.

ராணி ஓயாமல் முட்டையிட்டாள். மூன்று மாதத்தில் குழாய் கொள்ளவில்லை. எனவே 'எறும்புக் குடியிருப்பு விரிவாக்கக் குழு' அமைக்கப்பட்டது. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டுக்குப் பயந்து, எந்தக் குழுவிலும் ஒரு தொழிலாளர் பிரதிநிதி இருந்தாக வேண்டும் என்பது கம்பெனி விதி. டைலர் ரோஸ்மேரிதான் எல்லாக் குழுக்களுக்கும் பிரதிநிதி. கையெழுத்து அழகாக இருக்கும் என்பது அவளுடைய தகுதி.

ரோஸ்மேரிக்கு வேறு கவலை. கம்பெனி ஹாஸ்டலில் ஆறு பேர் இருக்க வேண்டிய அறையில் பன்னிரண்டு பெண்கள். பக்கத்து அறையோ பழைய அட்டைப்பெட்டிகளோடு பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு ஒன்றரை வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி, அந்த ரூம் சாவி..."

"பொறு கண்ணு. மொதல்ல எறும்புக்கு ஊடு பாத்து முடிப்போம். ஏனுங் வேலுமணி, என்ன சைஸுங்க எடுக்கலாம்?"

மேனேஜர் வேலுமணி இருபது வருடம் பனியனுக்கு அளவு போட்டவர். "வளர்ற புள்ளைக்குத் துணி எடுத்தா ரெண்டு சைஸ் பெருசாத்தானுங்க எடுப்போம்? டபுள் எக்ஸ்எல் போட்ருவோங்க."

நான்கு மாடி, பதினாறு அறையோடு ஒரு கண்ணாடி மாளிகை வந்து இறங்கியது. 'இடம் போதுமானது' என்ற வரிக்குக் கீழே ரோஸ்மேரி கையெழுத்துப் போட்டாள்.

எறும்புகள் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டன. மீதிப் பதினைந்தையும் குப்பைமேடாக்கின. பூஞ்சை பிடித்து முதலாளி அறையே நாறியது. பயிற்சியாளருக்குப் போன் போட்டார்கள்.

"கூட்டத்துக்குத் தக்க கூடுதான் கொடுக்கணும் சார். காலி இடம் இருந்தா குப்பைதான் போடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிறப்ப மாத்தினாப் போதும்" என்றார் அவர்.

முதலாளிக்கு ஞானம் பிறந்தது. ரோஸ்மேரியின் மனுவைத் தேடி எடுத்து, 'காலி அறை வழங்கினால் குப்பை சேரும் என்பது விஞ்ஞானரீதியாக நிரூபணமாகியுள்ளதால் நிராகரிக்கப்படுகிறது' என்று எழுத வைத்தார்.

ரோஸ்மேரி விடவில்லை. "ஏறி நின்னா மாத்தணும்னும் அவருதான சொல்லுதாரு? நாங்க ஒருத்தி மேல ஒருத்திதான் கெடக்கோம். ஆள விட்டுப் பாருங்க மொதலாளி."

ஞாயிற்றுக்கிழமை காலை வேலுமணி ஆய்வுக்குப் போனார். 'உள்ளே கால் வைக்க இடமில்லாமையால், ஆய்வு வாசற்படியில் நின்றவாறே செவ்வனே நடத்தி முடிக்கப்பட்டது' என்று அறிக்கை கொடுத்தார்.

"எறும்புக்கொரு நாயம், மனுசனுக்கொரு நாயமுங்களா?" என்று சொல்லி முதலாளி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அன்று பெண்கள் ஆறு ஆறு பேராகப் பிரிந்து, கை காலை நீட்டிப் படுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். ரோஸ்மேரி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஆடி முடிவதற்குள் இரண்டு அறையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர். ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒருத்தியைக்கூடக் கொண்டுவரவில்லை. "இங்க எடம் தாராளமாக் கெடக்கு, வா" என்று இவர்களே ஊருக்குப் போன் போட்டு, தங்கச்சி, அத்தை மகள் என்று வரவழைத்திருந்தார்கள். ரோஸ்மேரி வகையில் மட்டும் மூன்று பேர்.

அதில் ஒருத்தி, சித்தி மகள், பாயும் கையுமாக வந்து நின்றாள். "எக்கா, கால நீட்ட எடமில்லையே. மொதலாளிட்ட ஒரு மனு எழுதிக் குடேன்."

"ஏட்டி, வந்து நாலு நாளாகல, அதுக்குள்ள மனுவா?" என்றாள் தொழிலாளர் பிரதிநிதி. "மடக்கிப் படு, பழகிரும்."